எடைக்குப் போன பேரேடுகள்

அன்புள்ள ஐயா,

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு என் தாத்தா எங்கள் ஊரில் பள்ளிப் பாடங்களுக்கு உரைநூல் போடும் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். அவருக்குப் பின் பெரியப்பாவும் அப்பாவும் நடத்தினார்கள், இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பொன்விழா மலர் கொண்டுவரலாம் என்று உட்கார்ந்தால் எழுத ஒன்றும் இல்லை. நாங்கள் போட்டதெல்லாம் நோட்ஸ்தான், இலக்கியம் ஒன்றுகூட இல்லை. மேக்மில்லன், லாங்மன் போன்ற பிரிட்டிஷ் பதிப்பகங்களுக்கு வரலாறு உண்டு. எங்களுக்கு என்ன இருக்கிறது? வம்சாவளியும் தாத்தாவின் புகைப்படமும் போட்டு முடித்துவிடலாமா? பழைய கணக்கு நோட்டுகளைப் பெரியப்பா போகிக்கு முன்பு எடைக்குப் போட்டுவிட்டார். பரணில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன, சாவி எங்கே என்று தெரியவில்லை. இதற்கிடையில் ஒரு பெரிய நிறுவனம் எங்கள் பெயரையும் சரக்கையும் விலைக்குக் கேட்கிறது. கொடுத்துவிடலாமா? குடும்பப் பதிப்பகம் என்பது எத்தனை தலைமுறை தாங்கும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் வீட்டில் புத்தகங்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். வயதானால் செய்தே ஆகவேண்டிய வேலை அது. அடித்தட்டிலிருந்து ஹாலும் நைட்டும் எழுதிய 'ஹையர் அல்ஜீப்ரா' வந்தது. முதல் பக்கத்தில் ஐந்து பெயர்கள். ஒவ்வொருவரும் முந்தையவர் பெயரை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது பெயர் என் தாத்தாவுடையது. பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு பால் கணக்கு. அல்ஜீப்ரா எனக்கு ஒருநாளும் வசப்படவில்லை, பால் கணக்கு இன்றும் புரிகிறது. வெளியிட்டவர்கள் மேக்மில்லன். அந்தப் பெயரை உங்கள் கடிதத்தில் பார்த்ததும் கழிக்கிற வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'இலக்கியம் ஒன்றுகூட இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? மேக்மில்லனை வைத்து உங்களை நீங்களே தாழ்த்திக்கொள்வதற்கு முன் அவர்கள் கதையைத் தெரிந்துகொண்டிருக்கலாம். ஸ்காட்லாந்துக்கு மேற்கே அரன் தீவில் துண்டு நிலத்தை வைத்துப் பிழைத்த குடியானவர் ஒருவரின் மகன்கள் டேனியலும் அலெக்சாண்டரும். டேனியல் சிறு வயதிலேயே புத்தகக் கடையில் தொழில் பழகப் போனார். 1843-இல் தம்பியோடு சொந்தக் கடை வைத்தார். அந்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட முதல் புத்தகம் கவிதையோ நாவலோ அல்ல, ஆசிரியர் பயிற்சி பற்றிய நூல். பிறகு கேம்பிரிட்ஜில் கடை. அங்கே புத்தகம் வாங்க வந்த கணக்கு வாத்தியார்களையே புத்தகம் எழுத வைத்தார்கள். பர்னார்டு ஸ்மித்தின் எண்கணிதம், டாட்ஹன்டரின் அல்ஜீப்ரா, யூக்ளிட் வடிவியல் எல்லாம் அப்படி வந்தவை.

1865-இல் 'ஆலிஸ்' கதையை வெளியிட்டார்களே என்பீர்கள். அதன் அச்சுச் செலவை அதை எழுதிய லூயிஸ் கரோல் தன் கைக்காசிலிருந்து கொடுத்தார். 1869-இல் தொடங்கிய 'நேச்சர்' அறிவியல் இதழ் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நஷ்டத்தில் ஓடியது. அந்தப் பள்ளத்தை நிரப்பியது எது என்று நினைக்கிறீர்கள்? எனக்குச் சந்தேகமே இல்லை, பையன்களின் கணக்குப் புத்தகம்தான். 'ஹையர் அல்ஜீப்ரா' வந்தது 1887-இல். அதே 1887-இல்தான் உ.வே.சா. சீவக சிந்தாமணியை அச்சிட்டார், கையொப்பக்காரர்களிடம் முன்பணம் திரட்டி. அவருக்குப் பின்னால் அல்ஜீப்ரா விற்றுக் காசு வைத்திருந்த ஒரு பதிப்பாளர் நின்றிருந்தால் அந்த மனிதர் எத்தனை அலைச்சலிலிருந்து தப்பியிருப்பார்!

ஆகவே நோட்ஸ் போட்டோம் என்று தலைகுனியாதீர்கள். திருச்சி பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் உரையைப் படித்துத் தேறாமல் நேராகத் தமிழ் இலக்கியத்துக்குள் குதித்தவர் யாராவது என் தலைமுறையில் இருந்தால் அவரை நான் நம்பமாட்டேன். அந்த உரையை எழுதிய ஐயம்பெருமாள் கோனார் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். மேடையில் அவரைக் கேலி செய்த எழுத்தாளர்கள் பலர் தேர்வுக்கு முதல்நாள் இரவில் யார் துணையில் விழித்திருந்தார்கள் என்பதைச் சொல்லமாட்டார்கள்.

மேக்மில்லன் இங்கே வந்ததற்கும் கருணை காரணம் அல்ல. வங்காளத்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த தாவரவியலாளர் சி.பி. கிளார்க் சொன்ன யோசனையில்தான் இந்தியப் பள்ளிகளுக்கான அவர்களுடைய பாடநூல் வரிசை முளைத்தது. வடக்கே கல்வித் துறையில் அதிகாரியாக இருந்த நெஸ்பீல்டின் ஆங்கில இலக்கணம் அதில் கொழுத்தது. 1901-இல் பம்பாய், 1907-இல் கல்கத்தா, 1913-இல் சென்னை என்று கிளைகள். அதிகாரியே ஆசிரியர், அவர் துறையே வாடிக்கையாளர். இதைத் திட்ட நிறைய இடம் இருக்கிறது, இன்று வேண்டாம்.

நீங்கள் போடப்போகும் வம்சாவளிக்கு வருகிறேன். டேனியல் 1857-இல் செத்தபோது வயது 43. அவருடைய நான்கு பிள்ளைகளையும் தம்பி அலெக்சாண்டர் தன் நான்கு பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வளர்த்தார். அந்தப் பிள்ளைகளில் பிரெடரிக், மாரிஸ், ஜார்ஜ் மூவரும் சேர்ந்து தொழிலை நடத்தினார்கள். தாயாதிச் சண்டையில் அச்சகங்கள் மூடப்பட்ட கதைகளையே கேட்டு வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் பொறாமை தருகிறது. மூவரும் ஒரே ஆண்டில், 1936-இல், அடுத்தடுத்துப் போனார்கள். பிறகு பேரன்கள். அவர்களில் ஹெரால்டு 1957 முதல் 1963 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்துவிட்டு மறுபடி பதிப்பகத்துக்கே வந்து உட்கார்ந்தார். 1995-இல் பெரும்பங்கு ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்பிரிங்க் கைக்குப் போனது, 1999-இல் முழுவதும் போனது. அந்த ஹோல்ட்ஸ்பிரிங்கும் குடும்ப நிறுவனம்தான். லாங்மன் 1724-இல் தொடங்கியது, 1968-இல் பியர்சன் நிறுவனத்திடம் போனது. எத்தனை தலைமுறை என்ற கேள்விக்கு இதில் பதில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அதுதான் விஷயம். அவர்கள் காகிதத்தை எடைக்குப் போடவில்லை. அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் நகல் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் மேக்மில்லன் ஆவணங்கள் ஆயிரம் தொகுதிகளுக்கு மேல் இருக்கின்றன. பின்னாளில் பெரிய நாவலாசிரியரான தாமஸ் ஹார்டி, அன்று யாருக்கும் தெரியாத இளைஞர், 1868-இல் தன் முதல் நாவலை அனுப்பினார். அலெக்சாண்டர் அதை ஏற்கவில்லை, ஆனால் ஏன் என்று நீளமாக, பொறுமையாக ஒரு கடிதம் எழுதினார். அந்த நாவல் இன்று இல்லை. மறுத்து எழுதிய கடிதம் இருக்கிறது.

உங்கள் பெரியப்பாவுக்கு என்ன கிடைத்தது? கிலோவுக்குப் பத்து ரூபாயா, பன்னிரண்டா? கோபப்படாமல் எழுதவேண்டும் என்றுதான் தொடங்கினேன். அந்தப் பேரேடுகளில் என்ன இருந்திருக்கும் என்று அவர் ஒரு பக்கமாவது புரட்டினாரா? 1978-இல் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு போய் மேல்நிலைக் கல்வி வந்ததும் உங்கள் பி.யு.சி. உரைகள் எத்தனை கட்டு திரும்பி வந்தன என்று இருந்திருக்கும். 2011-இல் சமச்சீர்க் கல்வி வழக்கு ஆகஸ்டில் முடியும்வரை பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்களே, அந்த இரண்டு மாதம் உங்கள் கடையில் யாருக்கு வேலை இருந்தது, யாருக்குப் பாதிச் சம்பளம் என்று இருந்திருக்கும். எந்தக் கிராமத்துப் பள்ளிக்கு முதன்முதலில் பத்துப் பிரதி போனது என்று இருந்திருக்கும். மகள் கல்யாணத்துக்கு அச்சுக்கோப்பவர் வாங்கிய முன்பணம் இருந்திருக்கும். அவர் அதைக் கட்டித் தீர்த்தாரா என்பதும் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். வம்சாவளியில் இது எதுவும் இருக்காது. யார் யாருக்குப் பிறந்தார் என்பது பதிப்பகத்தின் வரலாறு அல்ல, அது ஜாதகம்.

பதினேழு வயதில் இரண்டு கோடை விடுமுறைகள் மதுரையில் ஒரு சந்துக்குள் இருந்த நோட்ஸ் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். ஃபாரத்துக்கு, அதாவது மடித்துத் தைக்கும் அச்சுத்தாள் ஒன்றுக்கு, இவ்வளவு என்று கூலி. முன்கட்டில் ட்ரெடில் அச்சு இயந்திரம், பின்கட்டில் வீடு. முதலாளியின் அம்மா தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து நாள் முழுக்க ஃபாரம் மடிப்பார். மருமகள்கள் தைப்பார்கள். உரை எழுதியவர் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். பெயர் போட முடியாது என்பதால் அட்டையில் 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்று இருக்கும். குழுவே அவர் ஒருவர்தான். பேரேட்டில் மட்டும் 'வாத்தியார் பற்று' என்று அவருக்கு ஒரு பக்கம் உண்டு.

ஒரு மதிப்பெண் விடைகளில் ஒரு பிழையை விட்டுவிட்டேன். 'யாண்டு பலவாக' என்று தொடங்கும் புறநானூற்று 191-ஆம் பாட்டுக்குக் கபிலர் பெயரைப் போட்டிருந்தார்கள். பிசிராந்தையார் பாட்டு. எனக்குத் தெரியும், தெரிந்தும் கண் தாண்டிவிட்டது. மூவாயிரம் பிரதிகள் தைத்து அட்டை போட்டாகிவிட்டது. முதலாளி என்னைத் திட்டவில்லை. இரவோடு இரவாகத் துண்டுச் சீட்டு அச்சடித்தார். பாட்டி மைதாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சினார். வீட்டில் எழுந்து உட்காரத் தெரிந்த அத்தனை பேரும் விடிய விடியச் சீட்டு ஒட்டினோம். யாண்டு பலவாகியும் நரையில்லாமல் இருப்பது எப்படி என்று சொல்லும் பாட்டு அது. அன்றிரவே எனக்கு ஒன்றிரண்டு நரைத்திருக்கும்.

மறுநாள் பேரேட்டில் அவர் எழுதியதை எட்டிப்பார்த்தேன். 'புரூஃப் பிழை வகை: சீட்டு, பசை, காபி' என்று ஒரு வரி, எதிரே தொகை. என் பெயர் இல்லை. கூலியிலும் பிடிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் போனபோது அந்த இடத்தில் கைபேசி பழுதுபார்க்கும் கடை இருந்தது. பேரேடுகளைக் கேட்டேன். 'அதெல்லாம் கடலைக்காரர்களுக்குப் பொட்டலமாகப் போயிருக்கும்' என்றார் முதலாளியின் மகன், சிரித்துக்கொண்டே. அந்த இரவுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த ஒரு வரி. உங்கள் பெரியப்பா மீது நான் எரிந்து விழுந்ததில் பாதி அந்த மனிதருக்குச் சேரவேண்டியது, மன்னியுங்கள்.

விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அதை ஆடிட்டரிடம் கேளுங்கள், நான் பால் கணக்கு வரைக்கும்தான். பெயரைக் கொடுங்கள், சரக்கைக் கொடுங்கள், பெட்டிகளை மட்டும் பத்திரத்தில் சேர்த்துவிடாதீர்கள். மலரை ஓர் ஆண்டு தள்ளிப்போடுங்கள், ஐம்பத்தொன்றில் வந்தால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். உங்கள் தாத்தாவிடம் வேலை பார்த்த பைண்டர் யாராவது உயிரோடு இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். பெட்டிக்குள் கரையான் இருந்தால் காகிதத்தை வெயிலில் போடவேண்டாம், நிழலில் காற்றாட வையுங்கள். சாவியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பூட்டை உடையுங்கள்.