மூங்கில் ஆர்கனும் சுருதி சேர்க்கும் கையும்

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக மணிலா போயிருந்தபோது, லாஸ் பின்யாஸ் தேவாலயத்தில் இருக்கும் மூங்கில் பைப் ஆர்கனை, அதாவது குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய கருவியை, பார்த்தேன். சின்னதாக ஒரு பாட்டும் வாசித்துக் காட்டினார்கள். நன்றாக இருந்தது. ஆனால் திரும்பி வந்ததிலிருந்து ஒரு கேள்வி. இப்போது ஒவ்வொரு குழலின் ஓசையையும் தனித்தனியாகப் பதிவு செய்து, கணினியில் ஏற்றி, கீபோர்டில் வாசித்துவிட முடிகிறது. பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியாது என்கிறார்கள். அப்படியிருக்க, 200 வருடப் பழைய கருவியைத் திரும்பத் திரும்பச் செலவழித்துப் பழுதுபார்ப்பது எதற்கு? ஓசையைப் பதிவு செய்துவிட்டு, ஆர்கனை அருங்காட்சியகப் பொருள் போல யாரும் தொடாமல் வைத்தால் இன்னும் பத்திரமாக இருக்குமே? பிப்ரவரியில் அங்கே நடக்கும் விழாவுக்கு மறுபடி போகிறேன். எதையெல்லாம் கவனித்துக் கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கே. ஆர்., சிங்கப்பூர்

அன்புள்ள கே. ஆர்.,

யாரும் தொடாமல் வைத்தால் அந்த ஆர்கன் போய்விடும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆகும். துருத்தியின் தோல் காய்ந்து வெடிக்கும், காற்றுப்பெட்டிக்குள் எலி புகும், விரலால் அழுத்தும் கட்டையிலிருந்து, குழலுக்குக் காற்றைத் திறந்துவிடும் அடைப்பானுக்குப் போகும் கம்பிகள் துருப்பிடிக்கும். வாரா வாரம் வாசிக்கிற ஆர்கனில் ஒரு குழல் ஊமையானால் அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிடும். வாசிக்காத ஆர்கனில் நூறு குழல் ஊமையான பிறகும் தெரியாது.

பதிவுகளைப் பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் லாஸ் பின்யாஸுக்குப் போனதில்லை. அந்த ஆர்கனைப் பதிவில்தான் கேட்டிருக்கிறேன், அதற்கு நன்றியோடு இருக்கிறேன். நீங்கள் சொல்லும் கணினி முறையால் எத்தனையோ மாணவர்கள் வீட்டிலிருந்தே பெரிய ஆர்கன்களின் ஓசையில் பயிற்சி செய்கிறார்கள். ஆனால் குழலைத் தனித்தனியாகப் பதிவு செய்யும்போதே ஒன்று விட்டுப்போகிறது. ஆர்கனில் குழல்கள் தனித்தனியாக மூச்சு விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் காற்று ஒரே இடத்திலிருந்து வருகிறது. பத்து விரலையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் அந்தக் காற்று ஒரு கணம் லேசாகத் தளர்ந்து, பிறகு நிமிரும். பழைய ஆர்கன்களில் ஓசைக்கு உயிர் இருப்பதுபோலத் தோன்றுவதற்கு அந்தத் தளர்வும் ஒரு காரணம். அப்புறம் விரல். கட்டையை மெதுவாக அழுத்தினால் அடைப்பான் மெதுவாகத் திறக்கும், ஸ்வரம் வேறு மாதிரி பிறக்கும். இதையெல்லாம் கணினியிலும் ஓரளவு கணக்கிட்டுப் போலி செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அசல் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அசல் ஒன்று ஒலித்துக்கொண்டிருக்க வேண்டுமே!

சரி, அந்த அசலின் கதைக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

லாஸ் பின்யாஸ் பங்கின் பாதிரியார் தியேகோ செரா ஸ்பெயின்காரர். 1816-ல் ஆர்கன் வேலையைத் தொடங்கினார். மூங்கிலை வெட்டி உடனே குழலாக்கிவிடவில்லை. பூச்சி அரிக்காமல் இருக்க, மாதக்கணக்கில் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார். 1821 வாக்கில் ஆர்கனை வாசிக்க முடிந்தது. ஆனால் எக்காள வகைக் குழல்கள் மட்டும் இல்லை. எக்காளத்தின் குரல் மூங்கிலில் வரவில்லை. கடைசியில் அவற்றை உலோகத்தில் செய்து, 1824-ல் வேலையை முடித்தார். மொத்தம் 1,031 குழல்கள். அதில் 902 மூங்கில், 129 உலோகம். கையில் இருக்கும் பொருள் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எட்டு வருடம் பொறுமையாகச் சோதித்துப் பார்த்த அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பிறகு அந்த நூற்றாண்டில் வந்த நிலநடுக்கங்களும் புயலும் தேவாலயத்தையும் ஆர்கனையும் சிதைத்தன. இருபதாம் நூற்றாண்டில் அரைகுறையாகச் சில பழுதுபார்ப்புகள் நடந்தன. 1973-ல் ஆர்கனைக் கழற்றி, பெட்டிகளில் அடைத்து, ஜெர்மனியின் பான் நகரில் இருக்கும் க்ளைஸ் என்ற ஆர்கன் பட்டறைக்கு அனுப்பினார்கள். 1975 மார்ச்சில் திரும்பி வந்தது. அடுத்த வருடமே விழா தொடங்கியது. நீங்கள் போகப்போவது அந்த விழாவுக்குத்தான்.

இதற்கு அடுத்த பகுதிதான் எனக்கு முக்கியம். 2003, 2004-ல் ஆர்கனை மறுபடி முழுமையாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இந்த முறை கப்பலில் ஏற்றவில்லை. லாஸ் பின்யாஸிலேயே ஆர்கன் செய்யும் பட்டறை ஒன்று உருவாகியிருந்தது. தியேகோ செராவின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். அந்தப் பட்டறையின் பிலிப்பைன்ஸ்காரர்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். ஆர்கனுக்கு உண்மையான பாதுகாப்பு கிடைத்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். 1975-ல் திரும்பி வந்தது பழுது நீங்கிய ஒரு கருவி. அடுத்த முப்பது வருடத்தில் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் அதே ஊரில் உருவானார்கள். யாரும் வாசிக்காத, விழா நடக்காத ஆர்கனாக இருந்திருந்தால் எந்த இளைஞன் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வந்திருப்பான்?

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. இருபது வயதில் ஒரு பழைய தேவாலயத்தில், சுருதி சேர்க்க வரும் பெரியவருக்கு உதவியாக இருந்திருக்கிறேன். என் வேலை கட்டையைப் பிடிப்பது. அவர் ஆர்கனுக்குள் குழல்களுக்கு நடுவே நின்றுகொண்டு "அடுத்தது" என்பார், நான் அடுத்த கட்டையை அழுத்திப் பிடிப்பேன். காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுவார். வெயில் ஏறினால் ஊதல் போன்ற சாதாரணக் குழல்களின் சுருதியும் கூடவே ஏறும். உலோக நாக்கு வைத்த எக்காளக் குழல்கள் அவ்வளவாக அசையாது. எட்டு மணிக்குச் சேர்ந்திருந்தது பதினொரு மணிக்குப் பிரிந்துவிடும். எந்த மணிக்கு எதைத் தொட வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அவர் இறந்த பிறகு வேறு யாரையும் தேடிக் கூப்பிடவில்லை. பத்து வருடத்துக்குள் ஆர்கன் ஊமையானது. முன்னால் ஒரு மின் கீபோர்டை வைத்தார்கள். குழல்கள் இன்னும் அங்கேயேதான் நிற்கின்றன. யாரும் தொடாமல், நீங்கள் சொன்ன மாதிரியே. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

2017-ல் யுனெஸ்கோ, ஜெர்மனியின் ஆர்கன் செய்யும் கலையையும் ஆர்கன் இசையையும் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பதிவில் ஜெர்மனியில் சுமார் 50,000 ஆர்கன்கள் என்று இருக்கிறது. கூடவே 400 பட்டறைகள், 2,800 தொழிலாளர்கள், 180 தொழில் பயிலுநர்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். இதில் 180 என்ற எண்தான் என்னை நிறுத்தியது. 50,000 ஆர்கன்களின் நாளைய கைகள் அவை.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், செயின்ட் யாகோபி தேவாலயத்தில், ஆர்ப் ஷ்னிட்கர் என்ற ஆர்கன் கைவினைஞர் 1693-ல் முடித்த ஆர்கனையும் சொல்லியாக வேண்டும். 1720-ல் இசையமைப்பாளர் பாக் அங்கே ஆர்கன் வாசிப்பவர் பதவிக்கு முயன்றார். முதல் உலகப்போரில் முகப்பிலிருந்த வெள்ளீயக் குழல்களைப் போருக்கென்று எடுத்து உருக்கிவிட்டார்கள். இரண்டாம் போரில் குழல்களையும் காற்றுப்பெட்டிகளையும் முன்னதாகவே கழற்றிப் பத்திரப்படுத்தியதால் அவை தப்பின. அப்படியே விட்டுச்சென்ற மரக்கூடு எரிந்துபோனது. கழற்றத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான், 1993-ல் யூர்கன் ஆரண்ட் என்ற ஆர்கன் கைவினைஞர் அதை மீட்டெடுக்கும்போது ஷ்னிட்கரின் குழல்கள் கையில் இருந்தன.

இனி, பிப்ரவரியில் எதைக் கேட்க வேண்டும் என்பது. முதலில், மூங்கில் குழல்கள் மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்துக்காகக் காத்திருங்கள். ஸ்வரம் பிறக்கும் நொடியைக் கவனியுங்கள். ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு சிறு மூச்சு வரும். புல்லாங்குழல் கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். அப்புறம், வாசிப்பவரின் இரண்டு கைகளும் ஒரே கட்டை வரிசையில் இருந்தாலும் இடது கையில் ஒரு குரலும் வலது கையில் வேறு குரலும் வரலாம். ஸ்பானிய மரபில் ஸ்டாப்களை, அதாவது எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இழுப்பான்களை, கீழ்ப்பாதி, மேல்பாதி என்று பிரித்துவைப்பார்கள். முகப்பிலிருந்து படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எக்காளங்கள் ஒலிக்கும்போது கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருங்கள், நேராக உங்களை நோக்கி வரும். பறவைக் குரல் எழுப்பும் ஸ்டாப் ஒன்றும் உண்டு, கேட்டால் வாசித்துக் காட்டுவார்கள்.

முடிந்தால் விழாவுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய், சுருதி சேர்க்கும் நேரத்தில் உள்ளே உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள். ஒரே ஸ்வரம் வெகுநேரம் ஒலிக்கும், நிற்கும், மறுபடி ஒலிக்கும். கட்டையைப் பிடித்துக்கொண்டு இளையவர் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.