அவதார் தொடரில் வரும் ஊர்சா நல்ல தாயா?

மகன் சூக்கோவுக்கு நல்ல தாய்தான். மகள் அசூலாவுக்கு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' (2005–2008) கார்ட்டூன் தொடரில், பேரன் சூக்கோவைக் கொல்லும்படி மன்னர் அசுலான், அவனுடைய அப்பன் ஓசாய்க்கே ஆணையிடுகிறார். பிள்ளையைக் காப்பாற்ற, அரியணை கிடைக்க வழிசெய்வதாக ஊர்சா கணவனோடு ஒப்பந்தம் போடுகிறாள். அன்றிரவே மன்னர் சாகிறார். ஓசாய் அரியணை ஏறுகிறான். அவள் நாடு கடத்தப்படுகிறாள். கொடுங்கோலன் கைக்கு ஆட்சி போனதில் அவளுக்கும் பங்குண்டு. பிள்ளையின் உயிர் என்பதால் அதை நான் மன்னித்துவிடுவேன்.

என்னை உறுத்துவது மகள் விஷயம். பெரம்பூரில் அக்கா மகளோடு பார்த்தபோது அவள் கேட்டாள்: "அப்போ அசூலாவை யாரு பாத்துக்குவா மாமா?" அம்மா தன்னை அரக்கியாக நினைத்தாள் என்ற காயத்தோடுதான் அசூலா வளர்கிறாள். அந்தக் காயம் நாடு கடத்தலுக்கு முன்பே விழுந்தது. அதற்கு ஊர்சாதான் பொறுப்பு.