குகைக் கல்லும் பழைய மழையும்: வாசகர் கேள்வி-பதில்

காங்கேயம்: கிணறு வெட்டினப்ப சுக்கான்கல் நிறைய வந்துச்சுங்க. அதை வெச்சுப் பழைய மழையைச் சொல்ல முடியுமா?

கல்முளை (சுண்ணாம்புக் குகைத் தரையில், மேலிருந்து சொட்டும் நீர் படிந்து அடுக்கடுக்காக வளரும் கல்) போல வரிசையாகச் சொல்லாது. சுக்கான்கல் மண்ணுக்குள் திரண்டு, கரைந்து, மறுபடி திரள்வது. மேலடுக்குதான் புதியது என்று நம்ப முடியாது. மண் கலப்பும் அதிகம்.

அறச்சலூர்: நாகமலைக் குகையில் கல்முளை இருக்குமா?

இருக்காது. அது சுண்ணாம்புக் குகை அல்ல.

ஈரோடு: வயது பார்க்க கார்பன்-14 போதாதா?

போதாது. கார்பன்-14 காலப்போக்கில் சிதைந்து குறையும்; சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்து வரும் கார்பனில் அது மிச்சமே இல்லை. கல் உண்மையைவிட மூத்ததாகத் தெரியும். அதனால் யுரேனியம்-தோரியம் முறையில் வயது பார்ப்பார்கள். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. ஆகவே புதுப் படிவில் தோரியம் இருக்காது. பிறகு சேர்வதெல்லாம் யுரேனியம் சிதைந்து வந்தது. சுமார் 6 லட்சம் ஆண்டு வரை கணக்கிடலாம். சேறு படிந்த அடுக்கைத் தொடாதீர்கள். சேற்றோடு வரும் தோரியம் வயதைக் கூட்டிவிடும்.

கோபி: சுற்றுலா போன குகையில் ஒரு துண்டு உடைச்சுட்டு வந்தேன். எத்தனை வருஷத்துக் கல்?

உடைத்தது பெரிய தவறு. ஆண்டுக்கு 0.1 மி.மீ. வளர்ந்தால்கூட 10 செ.மீ. கல்லுக்கு 1,000 ஆண்டு வேண்டும். பெரும்பாலான கல் அதைவிட மெதுவாக வளர்வது. அதைச் சில நொடியில் முடித்துவிட்டீர்கள். கல்லாலும் இனி அதிகப் பயனில்லை. எந்தக் குகை, வாயிலிலிருந்து எவ்வளவு உள்ளே, எது மேல்பக்கம், உச்சியில் சொட்டு விழுந்துகொண்டிருந்ததா, எதையும் எழுதவில்லை. சொட்டு விழும் உச்சி என்றால் அதுவே இன்றைய தேதி. அது தெரியாவிட்டால் கல் எப்போது வளர்வதை நிறுத்தியது என்பதை யுரேனியத்தை வைத்துத்தான் பார்க்கவேண்டும். முறையாகச் செய்பவர்கள் அனுமதி வாங்கி, முடிந்தவரை தானாக விழுந்து கிடப்பதையே எடுப்பார்கள். நீளவாக்கில் நடுவே அறுத்து, மெருகிட்டு, மைய அச்சில் மட்டும் பொடி எடுப்பார்கள். ஓரத்திலும் காற்றடிக்கும் வாயிலருகிலும் நீர் ஆவியாகிக் கன ஆக்சிஜன் (எடை கூடிய ஆக்சிஜன்-18; மழை குறைந்த காலத்து அடுக்கில் இது கூடும்) தங்கிவிடும். இல்லாத வறட்சி இருந்ததாகக் காட்டும். கையால் தடவவும் வேண்டாம். தோல் எண்ணெய் பட்ட இடத்தில் படிவு ஒட்டாது.

தாராபுரம்: மேகாலயக் கல்லில் 4,200 ஆண்டுக்கு முந்தைய வறட்சி தெரிகிறதாமே. அப்போது இங்கேயும் பஞ்சமா?

அதிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. மேகாலயாவின் மாம்லூ குகைக் கல்லில் அந்தக் காலத்து அடுக்கில் கன ஆக்சிஜன் கூடியிருக்கிறது. பருவமழை தளர்ந்ததன் அடையாளம் அது. 2018-இல், சுமார் 4,200 ஆண்டுக்கு முன் தொடங்கி இன்றுவரை நீளும் புவியியல் காலப் பிரிவுக்கு ‘மேகாலயக் காலம்’ என்ற பெயர் ஏற்கப்பட்டதும் இந்தக் கல்லை வைத்துத்தான். ஆனாலும் ஒரே கல்லை நம்பாதீர்கள். பக்கத்துக் குகைக் கல்லும் அதையே சொல்லவேண்டும். அந்தக் கல் முக்கியமாகப் பதிவது ஆனி முதல் ஆவணி வரையிலான மழையை. தாராபுரத்துக்கு வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழை.