அந்த மேஜையை இழைக்க விடாதீர்கள்

வணக்கம்.
பாட்டியின் பழைய சிங்கர் தையல் மிஷின், கால்மிதியோடும் மர மேஜையோடும் என்னிடம் வந்திருக்கிறது. வீல் சுற்றவில்லை. மிஷினைப் பெயிண்ட் தினர் போட்டுத் துடைத்து ஹாலில் அழகுக்கு வைக்கலாம், மேஜையைத் தேய்த்து மெலமைன் பாலிஷ் அடித்து டிவி ஸ்டாண்ட் ஆக்கலாம் என்கிறார் கார்பெண்டர். எந்த பாலிஷ் நல்லது? இது எந்த வருட மிஷின்? விற்றால் என்ன கிடைக்கும்?
எம்., செம்பூர், மும்பை

அன்புள்ள எம்.,

விலையை விடுங்கள். பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் ஆளுக்கொரு விலை சொல்வார்கள். வருடத்தை மிஷினில் பொறித்திருக்கும் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எண்ணுக்கு முன்னால் ‘ஒய்’ இருந்தால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் செய்தது. அந்த ஆலையை 1980-இல் மூடிவிட்டார்கள்.

தினர் என்று படித்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. கறுப்பு உடம்பின் மேல் உள்ள தங்கப்பூக்கள் ஒட்டுப்படங்கள். அவற்றைக் காப்பது மேலே பூசிய மெல்லிய அரக்கு. தினரோ ஸ்பிரிட்டோ பட்டால் அரக்கு கரையும், பூக்களும் துணியோடு வந்துவிடும். மிஷின் ஆயிலைப் பஞ்சில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் துடையுங்கள். பஞ்சு பழுப்பானால் அழுக்கு. பஞ்சில் தங்கம் தெரிந்தால் அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். ஊசிக்கு முன்னால், துணி உரசும் இடத்தில் பூக்கள் ஏற்கெனவே அழிந்திருக்கும். அது உங்கள் பாட்டி உழைத்த இடம், அங்கே புது ஸ்டிக்கர் எதுவும் ஒட்ட வேண்டாம்.

வீல் சுற்றாததற்குப் பெரும்பாலும் துரு காரணமில்லை, பழைய எண்ணெய் பிசின்போல இறுகியிருக்கும். எண்ணெய்த் துளைகளில் சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். அடிநூல் பாபின் இருக்கும் ஷட்டிலைச் சுற்றிச் சிக்கிய நூலை இடுக்கியால் எடுங்கள். அப்புறம் வீலை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். பலம் காட்ட வேண்டாம்.

தாராவியில் என் அம்மா சேலைக்கு ஃபால் தைத்துத்தான் எங்களைப் படிக்கவைத்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் அவருக்கு இந்தியும் வராது, மராட்டியும் வராது. மிஷின் இருந்ததால் வேலை வீடு தேடி வந்தது. மேஜையின் வலதுபக்க இழுப்பறையில், பட்டன் டப்பாவுக்கு அடியில் எங்கள் பள்ளிக்கூட ஃபீஸ் இருக்கும். அப்பாகூட அந்த இழுப்பறையைத் திறக்க மாட்டார். அந்த வீட்டில் அம்மாவுக்கென்று இருந்த ஒரே இடம் அது. நீங்கள் அதன் மேல் டிவி வைக்கப் போகிறீர்களா?

பாட்டியின் மேஜையைச் சாய்வாக வெளிச்சம் படும்படி வைத்துப் பாருங்கள். முன்விளிம்பில் முழங்கை பட்டுப் பட்டு நிறம் போயிருக்கும். பலகையில், துணியில் கோடு குறிக்கும் பல்சக்கரமான மார்க்கிங் வீல் ஓடிய புள்ளிகள் வரிசையாக இருக்கும். இவற்றையெல்லாம் காசு கொடுத்து அழிக்கச் சொல்கிறீர்கள். அதோடு, இந்த மேஜைகளில் பெரும்பாலும் மேலே ஒட்டியிருப்பது வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு. உப்புத்தாள் நாலு இழுப்பு இழுத்தால் அடிப்பலகை தெரிந்துவிடும், பிறகு சரிசெய்யவே முடியாது. பிரெஞ்சு பாலிஷ் போதும், மெலமைன் வேண்டாம். பிரெஞ்சு பாலிஷிலும் ஸ்பிரிட் உண்டு என்பதால் மிஷினைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

சரி, கால்மிதியை மிஷினோடு இணைக்கும் பெல்ட்டை மாற்றியதும் வீலை உங்கள் பக்கமாகச் சுற்றிவிட்டு மிதியுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் அறுந்துபோகும். சேலை ஒன்றுக்கு ஃபால் தைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் டிவி ஸ்டாண்ட்தான் வேண்டும் என்றால், தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த மிஷினை மேஜையோடு கொடுத்துவிடுங்கள். ஆள் தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நான் அனுப்புகிறேன்.