நாக்குப் புற்று: அப்பாவுக்குக் கழுத்தையும் ஏன் திறக்கிறார்கள்?

சகோ, கட்டி 2 செ.மீ. தானே, கழுத்தில் எதுக்கு ஆபரேஷன், அப்பா எத்தனை வருஷம் இருப்பார் என்று கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வருஷக் கணக்கை யாராலும் சொல்ல முடியாது, ஆனால் எதைப் பொறுத்தது என்று சொல்லலாம். அகலத்தோடு ஆழத்தையும் பார்க்க வேண்டும், 5 மி.மீ. ஆழம் தாண்டினால் சின்னக் கட்டியும் முதல் கட்டம் இல்லை. அதைவிட முக்கியம் கழுத்து நெறி, அதாவது கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகள். அங்கே பரவினால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும், ஸ்கேனில் தெரியாமலும் பரவியிருக்கலாம். ஆரம்பக் கட்ட வாய்ப்புற்று பற்றி மும்பை டாடா மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்து நெறியையும் முதலிலேயே எடுத்தவர்களில் 3 வருஷம் கழித்து 80% பேர் உயிரோடு இருந்தார்கள், நெறியில் புற்று வந்தபிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5% தான். அதனால் தயங்காமல் சம்மதியுங்கள்.

என் அம்மாவுக்குப் புதுச்சேரியில் ஆபரேஷன் முடிந்து ரிப்போர்ட் வந்த அன்று, டாக்டர் ஒரே ஒரு வரியைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார்: வெட்டிய விளிம்பில் புற்று இல்லை. அந்த வரியை நீங்களும் கேட்டு வாங்குங்கள். கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கச் சொன்னால் ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் தொடங்கிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், அப்பா சட்டைப்பையில் இருக்கும் புகையிலைப் பொட்டலத்தை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.