கம்பெனி பதிவுகளை ஊழியர்கள் லிங்க்ட்இன்னில் பகிர, மேலதிகாரிகள் என்ன செய்ய வேண்டும்?

எம்.டி. மெயில் அனுப்பியும் சிலர்தான் பகிர்ந்தார்கள், அவர்களும் ஒரே வாசகத்தை ஒட்டிவிட்டார்கள் என்கிறீர்கள். வாசகத்தையும் சேர்த்து அனுப்பியதுதான் கோளாறு. லிங்க்ட்இன் பக்கம் ஊழியருக்குச் சொந்தம். அடுத்த வேலைக்கும் கூடவே போகும். அதில் மார்க்கெட்டிங் ஆள் எழுதிய வரியை ஒட்ட மனம் வராது. ஒரே வரி பத்துப் பேரிடமிருந்து வந்தால் பார்ப்பவரும் படிக்காமல் தள்ளிவிடுவார்.

முதலில் மேலதிகாரி எழுத வேண்டும். வாரம் ஒன்று போதும். நேரமில்லை என்றால் ஒரு நிமிட வாய்ஸ் நோட் அனுப்பட்டும். யாராவது அதை எழுத்தாக்கிப் பிழை மட்டும் திருத்தட்டும். அவர் பேசும் விதம் அப்படியே தங்கும். பதிவில் 3,000 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் முதல் இரண்டு மூன்று வரியோடு லிங்க்ட்இன் மடித்துவிடும்; மீதியைப் படிக்க அழுத்தித் திறக்க வேண்டும். 'பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்' என்று தொடங்கினால் விஷயம் மடிப்புக்குள் போய்விடும்.

இதைவிடப் பலன் தருவது ஒன்று உண்டு. ஊழியர் தானாக எழுதினால், அன்றைக்கே மேலதிகாரி அதன் கீழே இரண்டு வரி எழுத வேண்டும். வெறும் 'வாழ்த்துகள்' போதாது. செய்த வேலையில் எது நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் பக்கத்து சீட்காரர் எழுதத் துணிவார்.

மார்க்கெட்டிங் குழு வாரம் இரண்டு மூன்று விஷயம் தரட்டும்: படம், லிங்க், சரிபார்த்த தகவல்கள். வாக்கியம் வேண்டாம்.

பகிர்ந்த எண்ணிக்கையை அப்ரைசலில் சேர்க்கவே கூடாது. யாருடைய தொல்லைக்கோ பயந்து இணையத்தில் ஒதுங்கியிருப்பவர்கள் எந்த ஆபீஸிலும் இருப்பார்கள். ஏன் பகிரவில்லை என்று கேட்பதே அவர்களுக்குத் தண்டனை.

கம்பெனி பங்குச் சந்தையில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், ஜூன் மாதப் பார்வை நேரம் 100 கோடி மணியைத் தாண்டியதாக ஃபேஸ்புக்கில் எழுதினார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விசாரித்தது. நடவடிக்கை இல்லை, ஆனால் எந்தத் தளத்தில் தகவல் வரும் என முதலீட்டாளர்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று 2013 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. இங்கே பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 உள்வணிகத் (வெளிவராத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பது) தடை விதிகள் உண்டு. பெரிய ஆர்டர், காலாண்டு வருமானம் போன்றவை பங்குச் சந்தைக்கு (எக்ஸ்சேஞ்ச்) அறிவித்த பிறகே பதிவாக வேண்டும்.

சொந்தப் பொருளைப் புகழ்ந்து எழுதும் ஊழியர், 'நான் இங்கே வேலை செய்கிறேன்' என்பதைப் பதிவிலேயே, மடிப்புக்கு மேலேயே எழுதட்டும்.