புஷ் பேச்சை வச்சு கணிச்சது ஏன் தப்பாச்சு?
நண்பா, 2000 அமெரிக்க அதிபர் தேர்தல் பிரச்சாரத்துல ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அடக்கமா இருப்போம், அடுத்த நாட்டைக் கட்டியெழுப்ப ராணுவத்தை அனுப்பக்கூடாதுன்னு பேசினதை வச்சு போர் குறையும்னு ப்ராஜெக்ட்ல முடிவு வந்துருச்சு, ஆனா 2003ல இராக் போர் வந்துச்சேன்னு கேட்டீங்க. உங்க உழைப்பு வீண் இல்ல, தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க. அதே பிரச்சாரத்துல ஏவுகணைத் தடுப்பு அமைப்பு கொண்டு வருவேன், அந்த மாதிரி அமைப்பைக் கட்டுப்படுத்துற 1972 ஒப்பந்தத்தை மாத்த ரஷ்யா ஒத்துக்கலைன்னா அதுல இருந்து விலகுவேன்னாரு, 2002ல விலகியும் காட்டினாரு. ஏன்னா அதை அதிபரே தனியா முடிவு பண்ணலாம். ஆனா முன்னாடி அதிபரா இருந்த கார்ட்டர் 1976 பிரச்சாரத்துல தென்கொரியாவுல இருந்து தரைப்படையைத் திரும்பக் கூப்பிடுறேன்னாரு, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), ராணுவம் ரெண்டும் எதிர்க்க, வடகொரியா பலம் நினைச்சதை விட அதிகம்னு உளவுத் தகவலும் வர, 1979ல நிறுத்திட்டாரு. அதனால தொனியை விட்டுட்டு, குறிப்பான வாக்குறுதியை மட்டும் எடுத்து, யாரு தடுக்க முடியும்னு பக்கத்துலயே எழுதுங்க. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் மாதிரி அதிர்ச்சியை எந்தப் பேச்சும் முன்கூட்டி சொல்லாது, அதைத் தனியா வைங்க.